சைடு ஏ முடிவில் மூடுபனி

ஒரு பாட்டு எப்படி முடிய வேண்டும் என்பதில் பீட்டில்ஸ் குழுவின் லிவர்பூல்காரர் ஜான் லெனனுக்கும், திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. இருவரும் சந்தித்துக்கொண்டதில்லை. சந்தித்திருந்தால் அண்ணன்தான் ஜெயித்திருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம். பதினைந்து வருஷம் விவரம் தெரியாமல் அண்ணன் கட்சியில் இருந்துவிட்டு, விவரம் தெரிந்ததும் லெனன் கட்சிக்குத் தாவி, பி.எஃப். பென்ஷன் வாங்குகிற இந்த வயதில் மறுபடியும் அண்ணன் பக்கமே வந்து நிற்கிறேன். அந்தக் கட்சி மாறிய கதைதான் இது.

1986-ல் நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரீ-ரோலிங் மில்லில் டிப்ளமோ ட்ரெய்னி. க்யூ.சி. பிரிவு. க்யூ.சி. என்றால் பெரிதாக ஒன்றுமில்லை; சிவக்கச் சிவக்க ஓடிவந்து கூலிங் பெட்டில் விழுந்து ஆறுகிற கம்பிகளுக்குப் பக்கத்தில் காலிப்பரோடு நின்று, எட்டு மில்லிமீட்டர் எட்டாகத்தான் இருக்கிறதா என்று பார்ப்பது, தலையும் வாலும் கோணிக்கொண்டிருந்தால் வெட்டச் சொல்வது, அவ்வளவுதான். திருவள்ளூர் மாவட்டம் என்று ஒன்று அப்போது கிடையாது, அது 1997-ல் பிறந்தது. ஆகவே கூப்பிட்டால் ஆந்திராக்காரன் திரும்பிப் பார்க்கிற தூரத்தில் நின்றுகொண்டு நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் திருவொற்றியூரில் ரயிலேறினால் விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒரு மணி நேரம். பெட்டியின் ஒரு மூலையில் துண்டை விரித்துச் சீட்டாடுகிற கூட்டம். இன்னொரு மூலையில் நாங்கள் நாலு பேர், பீட்டில்ஸ் கூட்டம்.

ஃபேக்டரியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. செய்கிற வேலைதான் பெயர். ஆகவே வெல்டர், கெமிஸ்ட், ஸ்டோர்ஸ், அப்புறம் க்யூ.சி.யாகிய நான். எங்களில் மூத்தவர் கெமிஸ்ட். அவர் மட்டும் ‘சார்’. வெல்டர் உண்மையில் எங்கள் கட்சியே அல்ல. அவர் முழு இளையராஜா பக்தர். நாங்கள் பேசுவதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் ராஜா எப்பவோ பண்ணிட்டாருப்பா” என்று ஒரே போடாகப் போடுவதற்காகவே எங்களோடு உட்கார்ந்திருப்பார். “அண்ணே, இது 1969-ல வந்த ரெக்கார்டு. ‘அன்னக்கிளி’யே 1976-லதான்” என்று ஸ்டோர்ஸ் கணக்கெடுத்துச் சொன்னால், “வருஷத்தப் பத்தி நான் பேசலயே” என்பார். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் நாங்கள் மீஞ்சூர் வரைக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறோம்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் எவ்வளவு கொஞ்சம் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோய், பழைய புத்தகக் கடைக்காரர்கள் அல்லிக்குளம் பக்கம் ஒதுங்கியிருந்த காலம். கெமிஸ்ட் சார் சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், அட்டை கிழிந்த ஆங்கிலப் பத்திரிகைகளைக் குடைந்து, ஏதாவது ஒரு பக்கத்தைக் கொண்டுவருவார். முதல் பக்கம் இருக்கும், தொடர்ச்சி இருக்காது. மிச்சத்தை நாங்களே இட்டுக்கட்டுவோம். ஒரு பக்கம் ஒரு வாரத்துக்கு வரும். பீட்டில்ஸ்காரர்கள் 1968-ல் ரிஷிகேஷுக்கு வந்து மகரிஷி ஆசிரமத்தில் தங்கியிருந்தார்கள் என்கிற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு, டில்லியிலிருந்து அப்படியே கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் மெட்ராஸுக்குக் கிளம்பியிருந்தால் நம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனைத் தாண்டித்தானே போயிருப்பார்கள் என்று கெமிஸ்ட் சார் ஒரு நாள் ஆரம்பிக்க, அந்த வண்டி இங்கே நிற்காது என்று ஸ்டோர்ஸ் சொல்ல, சிக்னலுக்கு நிற்கும் என்று நான் சொல்ல, வராத நாலு பேரை எந்தப் பிளாட்பாரத்தில் இறக்குவது என்று பொன்னேரி தாண்டியும் சண்டை ஓயவில்லை. இப்போது சந்தேகம் என்றால் போனை எடுக்கிறோம், பதில் வந்துவிடுகிறது. வந்த பதிலை வைத்துக்கொண்டு ஒரு ஸ்டேஷன் தூரம்கூடப் பேச முடிவதில்லை.

‘ஆபி ரோடு’ என்கிற அந்த எல்.பி.யின் அட்டையை நாங்கள் தரிசித்தது ரெக்கார்டிங் கடை அண்ணனிடத்தில்தான். நாலு பேர் வரிசையாகத் தெருவைக் கடக்கிற படம்; முன்பக்கத்தில் குழுவின் பெயரும் கிடையாது, ரெக்கார்டின் பெயரும் கிடையாது. பெயரில்லாத சரக்கை அண்ணன் எப்படிக் கணக்கில் வைப்பார்? நோட்டுப் புத்தகத்தில் அவர் கையெழுத்தில் ‘நாலு பேர் ரோடு’ என்று எழுதிவைத்திருந்தார். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் படத்தில் பால் மெக்கார்ட்னி வெறுங்காலோடு, மற்ற மூவரோடு காலடி சேராமல் நடக்கிறார். அதனால் அவர் எப்போதோ செத்துப்போய்விட்டார், இது ஆள்மாறாட்டம் என்று 1969-லேயே மேல்நாட்டில் கிளம்பிய வதந்தி, பதினேழு வருஷம் மெதுவாக நடந்து கும்மிடிப்பூண்டிக்கு வந்து கெமிஸ்ட் சாரைப் பிடித்துக்கொண்டது. மஞ்சள் மீது சத்தியம் பண்ணாத குறையாக அவர் அதை நம்பினார். “செருப்பு இல்லன்னா செத்துப் போயிட்டானா சார்? நம்ம ஃபர்னஸ்ல பாதிப் பேரு செருப்பு இல்லாமத்தான் நிக்கிறான்” என்றார் வெல்டர். வாழ்நாளில் பீட்டில்ஸ் பற்றி அவர் சொன்ன ஒரே உருப்படியான விமர்சனம்.

அந்தப் படத்தை எடுக்க, அசல்காரர்களுக்கு ஒரு போலீஸ்காரர் போக்குவரத்தை நிறுத்திக்கொடுத்தார். ஏணி மேல் நின்ற புகைப்படக்காரர் பத்து நிமிஷத்தில் ஆறு படம் எடுத்து இறங்கிவிட்டார். நாங்கள் எடுத்தது ஒரே ஒரு படம். ஸ்டோர்ஸின் மச்சானிடமிருந்து வாங்கிய அக்ஃபா கிளிக் கேமரா, டீக்கடைப் பையன் புகைப்படக்காரன், ஜி.என்.டி. ரோடுதான் லண்டன். கையில் டிபன் கேரியரோடு நாங்கள் மூணு பேர் முன்னால் நடக்க, கடைசியில் கெமிஸ்ட் சார் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே காலை மாற்றி வைத்து வந்தார். அந்த நேரம் பார்த்து நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு லாரி, தெலுங்கில் எங்கள் குலத்தையே விசாரித்துக்கொண்டு குறுக்கே புகுந்தது. பையன் பயத்தில் கிளிக்கை அமுக்கிவிட்டான். கழுவி வந்த படத்தில் முக்கால்வாசி லாரி. ஓரத்தில் செருப்பும் கையுமாகக் கெமிஸ்ட் சார் மட்டும். பால் செத்ததற்கு ஆதாரம் உண்டோ இல்லையோ, நாங்கள் மூணு பேர் மறைந்ததற்கு ஆதாரம் இன்றைக்கும் என் பீரோவில் இருக்கிறது. இப்போது அந்த ரோட்டில் நடுவே தடுப்புச் சுவர், இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரிகள். நாலு பேர் வேண்டாம், ஒரு நாய் கடந்தால் பெரிய விஷயம்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த ரெக்கார்டை எனக்கென்று ஒரு கேசட்டில் பதிவு செய்துகொள்ளப் போனேன். ஓசியில் கேட்டது போதும், சம்பளக்காரன் ஆகிவிட்டோம் என்கிற தோரணை. அந்தக் காலத்து ரெக்கார்டிங் கடையை நினைவிருக்கிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அந்த வாசனையும் ஞாபகம் வரும்: சுவர் முழுக்க அட்டைகள், ஊதுவத்தி, சூடேறிய ஆம்ப்ளிஃபயர். டி.டி.கே. அறுபது ஒன்று வாங்கிக் கொடுத்தால், பட்டியலை எழுதிக்கொண்டு, நாலு நாள் கழித்து வரச் சொல்வார்கள். நாற்பத்தேழு நிமிஷ ரெக்கார்டைப் பதிவு செய்ய நாற்பத்தேழு நிமிஷம் ஆகும். யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைக் கேட்டே ஆக வேண்டும். நம் கேசட் நம் கைக்கு வரும்போது ஏற்கனவே ஒரு மனுஷன் அதைக் கேட்டிருப்பான்.

கேசட் வந்தது. வீட்டில் நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன்னில் போட்டுக் கேட்டேன். சைடு ஏ-யின் கடைசிப் பாட்டு ‘ஐ வாண்ட் யூ’. ஏழே முக்கால் நிமிஷம். பிற்பாதியில் ஒரே கிட்டார் வரி திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டு, பாரம் ஏறிக்கொண்டே போகும்; கூடவே எங்கிருந்தோ ஒரு இரைச்சல், புயல் காற்று மாதிரி, பாட்டையே மூடுகிற அளவுக்கு. ஹெட்டில் அழுக்கு என்று முடிவு கட்டி, தீக்குச்சியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துத் துடைத்து, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊசி போட வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலே காலி. இரைச்சல் போகவில்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தப் பாரம் உச்சத்துக்குப் போகிற நேரத்தில், கரண்ட் போனது போல, பாட்டு சட்டென்று அறுந்துவிட்டது. முடிவு இல்லை, தாளக்கட்டு இல்லை, ஒன்றும் இல்லை. நாடா இன்னும் ஐந்து நிமிஷம் வெறுமையாக ஓடியது.

நான் க்யூ.சி. இல்லையா? கேசட்டைத் தூக்கிக்கொண்டு போய் “ரிஜெக்ட்” என்று மேஜை மேல் வைத்தேன்.

“கரண்ட் போச்சா அண்ணே, ரெக்கார்டிங் அப்ப?”

“இல்ல தம்பி. அது அப்படித்தான் அந்துபோவுது.”

“யாராவது பாட்டை நடுவுல வெட்டுவாங்களா? நல்லாப் பாருங்க.”

அண்ணன் முகம் சுளிக்காமல் மறுபடி பதிந்து கொடுத்தார். அதே இடத்தில் அறுந்தது. மறுபடி போனேன். இந்த முறை ரெக்கார்டை என் கண் முன்னாலேயே ஓடவிட்டு, ஊசி கடைசிப் பள்ளத்துக்குள் போவதைக் காட்டினார். ரெக்கார்டே கம்பெனியில் ஃபால்ட், கடைமுனை வெட்டும்போது நல்ல கம்பியையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள் என்று மில் பாஷையில் அவருக்கு விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “குடுத்துட்டுப் போ தம்பி” என்றார்.

மூன்றாவது முறை வந்த கேசட்டில் பாட்டு அழகாக முடிந்தது. புயல் மெதுவாக அடங்கி, கிட்டார் தூரத்தில் போய்ப் போய், எண்ணூர்க் கழிமுகத்தில் இருட்டில் மறைகிற கட்டுமரம் மாதிரி கரைந்தது. அண்ணன் அந்தக் கடைசி அரை நிமிஷத்தில் லெவல் குமிழை நூல் நூலாகத் திருகி இறக்கியிருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. “இப்ப சரியா முடியுதா?” என்றார். “இதத்தானே அண்ணே நான் முதல்லேர்ந்து சொல்றேன்” என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்தேன். மிச்சமிருந்த ஐந்து நிமிஷத்தையும் அவர் வீணாக்கவில்லை. ‘மூடுபனி’ படத்தின் அந்தக் கிட்டார் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார். ராஜாவுக்கு அது நூறாவது படம். லெனன் கரைந்து முடிய, ஒரு மூச்சு இடைவெளி, பிறகு மூடுபனியின் கிட்டார். வெல்டருக்குப் போட்டுக்காட்டினேன். அவர் கண்ணைத் திறந்து, “இப்பத்தான் இந்த கேசட்டு முழுசா ஆயிருக்கு” என்றார்.

சைடு பி-யில் வேறு தகராறு. கடைசிப் பாட்டின் பெயரே ‘தி எண்ட்’; ரிங்கோ ஸ்டார் அந்தக் குழுவில் தனியாக டிரம் வாசித்த ஒரே இடம் அது, ஸ்டோர்ஸ் அதை டிபன் கேரியரில் வாசித்துப் பெட்டியையே அதிரவைப்பான். ‘முடிவு’ என்றே பெயர் வைத்த பாட்டு முடிந்ததும் அண்ணன் நியாயமாக நாடாவை நிறுத்திவிட்டார். ஆனால் ஸ்டோர்ஸ் வேறு கடையில் பதிந்த கேசட்டில், அதற்கப்புறம் பதினாலு நொடி மௌனம், பிறகு ஒரு அடி, இருபத்து மூணு நொடிக்கு மகாராணியைப் பற்றி ஒரு குட்டிப் பாட்டு, அதுவும் கடைசி ஸ்வரம் இல்லாமல். அது வேறு யாரோ பாடியது, உன் கடைக்காரன் நாடாவை அழிக்காமல் பதிந்துவிட்டான் என்று நான் சாதித்தேன். ஒரு டீ பந்தயம். தோற்றது நான்தான், ஆனால் அது தெரிய வருவதற்குள் அந்த டீக்கடையே போய்விட்டது.

அந்தக் குட்டிப் பாட்டின் கதையைப் பின்னால் படித்தபோது நாங்கள் நாலு பேரும் சேர்ந்திருக்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது. அது முதலில் வேறு இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் இருந்தது. பிடிக்கவில்லை, வெட்டி எறி என்று பால் சொல்லிவிட்டார். ஜான் குர்லாண்டர் என்கிற இளம் ஊழியர் வெட்டினார், ஆனால் எறியவில்லை. எதையும் தூக்கிப் போடக் கூடாது என்பது அந்த ஸ்டுடியோவின் சட்டம். தரையில் கிடந்த துண்டை எடுத்து, வெற்று நாடா கொஞ்சம் சேர்த்து, சுருளின் கடைசியில் ஒட்டிவைத்தார். கேட்டபோது பாலுக்கே பிடித்துப்போயிற்று. அந்த முதல் அடி முந்தைய பாட்டின் வால். மகாராணிப் பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையோடு போய்விட்டது. எங்கள் சிப்காட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஸ்கிராப் யார்டில் கொட்டிக் கிடப்பதுதான் எங்கள் ஊரில் மூலப்பொருள். எவனோ வேண்டாமென்று எறிந்ததை உருக்கித்தான் எவ்வளவோ வீடுகளின் கூரை நிற்கிறது.

லெனன் கட்சிக்கு நான் தாவியது 2001-ல். அண்ணா சாலையில் ஒரு பளபளப்பான கடையில் ஆபி ரோடு சி.டி. வாங்கினேன். வீட்டில் போட்டுக் கேட்டால் ஏழே முக்கால் நிமிஷத்தில் சட்டென்று அறுந்தது. நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆம், கொண்டுபோய் நீட்டினேன். டை கட்டிய பையன் மரியாதையாகச் சிரித்து, “சார், அது ஒரிஜினலே அப்படித்தான்” என்றான். அண்ணன் சொன்ன அதே வாக்கியம், இங்கிலீஷில். பிறகு தேடிப் படித்ததில் எல்லாம் வெளியே வந்தது: அந்த இரைச்சல் மூக் சின்தசைசரில் வேண்டுமென்றே கிளப்பியது, நாடாவை அங்கேயே வெட்டச் சொன்னவர் லெனன். தீக்குச்சியும் ஸ்பிரிட்டுமாக நான் துடைத்தெடுக்கப் பார்த்தது அவருடைய கலையை. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க தேரடிக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் எஸ்.டி.டி. பூத் வந்து, அதுவும் மூடி, செல்போன் ரீசார்ஜ் கடை வந்திருந்தது. அவரைத் தெரிந்தவர் யாருமில்லை.

அதற்கப்புறம் பதினைந்து இருபது வருஷம் நான் சரியான பதிப்பின் பக்தன். 2019-ல், ஐம்பதாவது வருஷத்துக்கு, அந்த ரெக்கார்டைப் புதிதாகக் கலந்து வெளியிட்டார்கள். ஒவ்வொரு வாத்தியமும் கழுவித் துடைத்த எவர்சில்வர் பாத்திரம் மாதிரி. 2023 நவம்பரில் அவர்களுடைய கடைசிப் பாட்டு என்று ‘நவ் அண்ட் தென்’ வந்தது. லெனன் வீட்டில் ஒரு சாதாரணக் கேசட்டில் பாடிவைத்தது. பியானோவும் இரைச்சலும் குரலோடு பின்னிக்கிடந்ததால் 1995-ல் முயன்று கைவிட்டார்கள். இப்போது கம்ப்யூட்டருக்குப் பழக்கிக்கொடுத்துக் குரலை மட்டும் தனியே உரித்தெடுத்துவிட்டார்கள். கேட்டேன். செத்து நாற்பத்து மூணு வருஷமான மனுஷன் காதோரம் வந்து பாடுகிறான். கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. கூடவே ஒரு சின்ன நமைச்சல்: ஒரு கேசட்டின் இரைச்சலைப் போக்க ஸ்பிரிட்டால் முடியாததை இந்தக் கம்ப்யூட்டர்காரன் முடித்துவிட்டானே, அண்ணன் இருந்தால் இவனிடம் என்ன கேட்டிருப்பார்?

2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது வெல்டர் போன் செய்தார். “பாத்தியா” என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. அரங்கத்தின் பெயர் ஈவென்டிம் அப்போலோ. அது பழைய ஹாமர்ஸ்மித் ஓடியன். 1964 கிறிஸ்துமஸ் சமயத்தில் பீட்டில்ஸ் நாள் கணக்காக நிகழ்ச்சி நடத்திய அதே மேடை. நான் அதைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அப்ப அவங்களும் நல்ல எடத்துலதான் வாசிச்சிருக்காங்க” என்றார். முப்பத்தொன்பது வருஷ விவாதத்தில் அவர் விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான்.

போன மாதம் வெல்டர் பேத்திக்குக் காது குத்து. கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேறினேன். கெமிஸ்ட் சார் மகனோடு அமெரிக்காவில். ஸ்டோர்ஸ் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பெட்டியில் துண்டு விரிக்க யாருமில்லை. ஒடிசா, பீகார்ப் பையன்கள் சிப்காட் ஷிப்டுக்கு, ஆளுக்கொரு காதில் ஆளுக்கொரு பாட்டோடு. நானும் காதில் மாட்டிக்கொண்டேன். போனில் ஆபி ரோடு, குறையே இல்லாத பதிப்பு. உலகத்தில் கோடிப் பேரிடம் இதே மாதிரி, ஒரு நொடிகூடக் கூடாமல் குறையாமல் இருக்கிறது. லெனன் கரைந்து மூடுபனி வருகிற ஆபி ரோடு பூமியில் ஒரே ஒன்றுதான் இருந்தது, அதில் பூஞ்சை பிடித்துவிட்டது.

எண்ணூர் தாண்டி ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது அந்த இரைச்சல் கிளம்பிவிட்டது. ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. அறுகிற இடம் எனக்கு மனப்பாடம். அது வருவதற்கு அரை நிமிஷம் முன்பு, போனின் ஓரத்துப் பொத்தானில் கட்டை விரலை வைத்து, ஒவ்வொரு புள்ளியாக, அவசரப்படாமல், அண்ணன் குமிழைத் திருகியிருக்கக்கூடிய வேகத்தில் இறக்கினேன். எல்லாம் கரைந்து பாலத்தின் தடதடப்பு மட்டும் மிச்சமிருந்தது. ஒரு மூச்சு விட்டேன். அடுத்து என்ன வர வேண்டும் என்று போனுக்குத் தெரியவில்லை.